ஏழாவது ஊசி

என் அண்ணி உட்கார்ந்து தைத்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் நாலு தையல், மாவு ஊறுகிற நேரத்தில் ஓர் இலை, பால் பொங்குவதற்குள் ஒரு பூவில் பாதி என்று நின்றபடியேதான் தைப்பார். நடுவில் வேறு வேலை வந்தால் ஊசியை நூலோடு சட்டையின் இடது தோளில் குத்திக்கொண்டு போய்விடுவார். சமையலறை ஜன்னலில் ஒரு பஞ்சுப் பொட்டலம் இருக்கும். அதில் ஆறு ஊசி, ஆறு நிற நூல். ஏழாவது எப்போதும் தோளில். மேசை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை என்று டவுன் கடைக்குப் போகிற அத்தனையும் அந்த அடுப்படியில்தான் பூத்தது.

நான் சொல்லாமல் இல்லை. எனக்குத்தான் வாய்க்குப் பூட்டே கிடையாதே.

"அண்ணி, என்னைக்காவது ஒருநாள் ஊசி குழம்புக்குள்ள விழப்போகுது பாருங்க."

"இருபது வருஷமா விழாத ஊசி, நீ சொல்லித்தான் விழப்போகுதா? போ, போய்க் கோழிக்குத் தீனி போடு."

அண்ணன் கல்யாணமாகி அண்ணியைப் பண்ணைக்குக் கூட்டிவந்தபோது இங்கே இரண்டு அறையும் ஒரு மாட்டுக் கொட்டகையும்தான். காய்கறித் தோட்டமும், கோழிக்கூண்டும், உருளைக்கிழங்கு வயலும் அவர் கைபட்டு வந்தவை. பூனைகள் யாரும் கூப்பிடாமலே வந்தன. எங்கேயோ பிறந்து, யாரோ துரத்தி, வேலிக்கு அடியில் நுழைந்து வருகிற எதற்கும் அண்ணி சோறு போடுவார். அதில் செம்பட்டை நிறத்தில் ஒரு கிழட்டு ஆண்பூனைக்கு அண்ணன் வைத்த பெயர் மேஸ்திரி. யார் எங்கே வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். ஒரு துரும்பை நகர்த்தாது.

அண்ணிக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் போய்விட்டது. அப்போது தைத்த குட்டிச் சட்டைகள் ஒரு பெட்டியில் கிடந்தன. என் புருஷனோடு ஒத்துவராமல், எட்டு மாதக் கைக்குழந்தையோடு நான் இங்கே வந்து நின்றபோது, அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தார். என் மகள் அந்தச் சட்டைகளைப் போட்டுத்தான் வளர்ந்தாள். ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் அவளுக்கு மிளகு என்று பெயர் ஆகிவிட்டது. நான் வயலுக்குப் போவேன், மாடு கறப்பேன். மிளகுக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது, கதை சொல்வது எல்லாம் அண்ணி. அப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

அன்றைக்குக் கிழங்கு தோண்டும் வேலை. நான் பத்து மணி வாக்கில் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தேன். அண்ணி சமையலறை நடுவில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு அண்ணி?"

"ஊசியைக் காணோம்."

"எங்க வச்சீங்க?"

"இங்கதான். தோள்லதான். மீன் கழுவிட்டு வந்து கொஞ்சம் தைச்சேன். அப்புறம் மாவு பிசைஞ்சேன், ரொட்டி போட்டேன்..." ரொட்டித் தட்டைப் பார்த்தார். தட்டில் பாதி காலி. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மிளகு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மீதி இருந்த ரொட்டியை எல்லாம் பிய்த்துப் போட்டோம். மாவுப் பாத்திரத்தைச் சல்லடையில் கொட்டினோம். அண்ணன் கொட்டகையிலிருந்து ஓடிவந்து, தன் கருவிப்பெட்டியில் இருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தான். இரண்டு ஆணியும் ஒரு சட்டைக் கொக்கியும் ஒட்டிக்கொண்டன. ஊசி மட்டும் இல்லை.

நான் மிளகின் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொண்டையில ஏதாவது குத்துதா? சொல்லு. குத்துதா? முழுங்கும்போது குத்துச்சா?"

முதலில் இல்லை என்று தலையாட்டினாள். விடுவேனா? பத்து முறை கேட்டேன். பதினோராவது முறை அவள் உதடு பிதுங்கியது.

"குத்துது."

அவ்வளவுதான். அந்த நிமிடம் என் கண்ணில் எதுவும் படவில்லை, அண்ணி மட்டும்தான் தெரிந்தார். இப்போது இதை எழுதக்கூட எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"எத்தனை தடவை சொன்னேன்? காதுல வாங்குனீங்களா? உங்களுக்கு என்ன போச்சு! ஒண்ணைப் பெத்திருந்தா தெரியும் அந்த அருமை!"

அண்ணன் "ஏய்!" என்று கத்தினான். மிளகைத் தூக்கிக்கொண்டு அண்ணனின் வேனில் ஏறும்போது அண்ணியும் பின்னால் வந்து கதவில் கை வைத்தார். "நீங்க வர வேண்டாம்" என்று நானே கதவைச் சாத்தினேன்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். வழி முழுக்க மிளகைப் பேசாதே, அசையாதே, எச்சில் முழுங்காதே என்று படுத்தி எடுத்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். என்னைவிடச் சின்னப் பெண்ணாக ஒரு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தாச்சு. ஊசியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"குத்துதுன்னு சொல்றாளே டாக்டர்!"

டாக்டரம்மா மிளகின் பக்கம் குனிந்தார். "பாப்பா, தொண்டையில குத்துதா?"

"குத்துது."

"காதுல?"

"குத்துது."

"முழங்கால்ல?"

மிளகு கொஞ்சம் யோசித்தாள். "அங்கயும் குத்துது."

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. பசி வந்தது. வெட்கம் மட்டும் அப்போது வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் திரும்பியபோது அண்ணி வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். மேலெல்லாம் சாம்பல். அடுப்பைத் தோண்டி, சாம்பலைச் சலித்து, குப்பைக்குழியைக் கையால் கிளறித் தேடியிருக்கிறார்.

"குழந்தை?"

"ஒண்ணுமில்ல. எக்ஸ்ரேல எதுவும் இல்லையாம்" என்றேன்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிளகு "அத்தை!" என்று ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அவள் கைகளை மெதுவாக எடுத்துவிட்டு, "அம்மாகிட்ட போ" என்றார்.

மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை. அண்ணி தான் தைக்கிற துணிகளையும் நூலையும் மூட்டை கட்டி, கொட்டகைக்குப் பக்கத்தில் விதைக்கிழங்கு வைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

"சமையல் இனிமே நீ பாத்துக்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் ஊசி கிடைத்தது. மேஸ்திரி இரண்டு நாளாகச் சோற்றுக்கு வரவில்லை. வைக்கோலுக்குள் எச்சில் ஒழுகப் படுத்திருந்ததை அண்ணன்தான் பார்த்தான். பசுவுக்கு ஊசி போட வந்திருந்த மாட்டு டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இடுக்கியை வாங்கி, ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். நீல நூல் நாக்கைச் சுற்றிக்கொண்டு, ஊசி மேல் அண்ணத்தில் ஏறியிருந்தது.

"மீன் வாடை அடிக்குது நூல்ல. அதான் முழுங்கப் பாத்திருக்கு" என்றார் டாக்டர். மேஸ்திரி அவர் கையை ஒரு பிறாண்டு பிறாண்டிவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்து வழக்கம்போல மேற்பார்வை பார்க்கத் தொடங்கியது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊசியைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன்.

"பாருங்க அண்ணி! பூனை வாயில இருந்துச்சு! ரொட்டியில விழவே இல்ல. உங்க மேல தப்பே இல்ல."

அண்ணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து! எனக்கு அதுவே என்னவோ செய்தது.

"தப்பு என் மேலதான். மீன் கையைச் சரியா கழுவாம நூலைத் தொட்டேன். நல்லவேளை, பூனைக்கு உயிர் போயிடலை" என்றார்.

"அப்போ வாங்க, வந்து அடுப்பைப் பாருங்க. நான் செய்யற ரொட்டியைத் தின்னுட்டு அண்ணன் பல்லைத் தடவிப் பாக்கறான்."

அவர் சிரிக்கவில்லை. நூலைக் கடித்து அறுத்தார்.

"நீ சொன்னது ஊசியைப் பத்தி இல்லையே" என்றார். "அது முன்னாடியே மனசுல இருந்ததுதானே? அன்னைக்கு வெளிய வந்துச்சு. அவ்வளவுதான்."

ஊசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம். மன்னிப்பு கேட்காமல் இல்லை. கேட்டேன், என் லட்சணத்தில் கேட்டேன். "கோபத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். "மன்னிச்சாச்சு" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னொரு நாள், "மன்னிச்சாச்சுன்னா அப்புறம் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று சண்டைக்கே போனேன். மன்னிப்பு கேட்கப்போன இடத்தில் சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அண்ணனிடம் சொன்னால், "உங்க ரெண்டு பேர் விஷயத்துல என்னை இழுக்காதீங்கம்மா" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவான்.

வீடு வீடாக இல்லை. என் சமையலில் ஒருநாள் அடிப்பிடிக்கும், ஒருநாள் வேகாது. அண்ணி எங்களோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார். ஒரு குறை சொன்னதில்லை. மிளகு "அத்தை, ஊட்டி விடு" என்று போனால், "அம்மா ஊட்டுவாங்க" என்பார். தலை சீவச் சொன்னால், "அம்மா சீவுவாங்க." குழந்தையைத் தொடுவதே இல்லை. மிளகுக்கு என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை. "நான் குத்துதுன்னு பொய் சொன்னதுக்கா அத்தை பேச மாட்டேங்குது?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். நான் மாட்டைக் கவனிப்பதுபோல எழுந்து போய்விட்டேன்.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் வயலிலிருந்து வந்தேன். நான் வைத்துவிட்டுப் போன சாப்பாடு மேசையில் அப்படியே இருந்தது. மிளகைக் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். விதைக்கிழங்கு அறைக்கு வெளியே அண்ணி மூன்று கல் வைத்துச் சின்ன அடுப்பு ஒன்று மூட்டியிருந்தார். அதில் பூனைகளுக்குத் தனியாகக் கஞ்சி வைப்பார். ஏழெட்டுப் பூனைகள் வால் தூக்கி வட்டம் போட்டிருந்தன. அந்த வட்டத்தில், மேஸ்திரிக்குப் பக்கத்தில், ஒரு பானை மூடியை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் போடு அத்தை."

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "இது பூனைக்குடா கண்ணு."

"நானும் பூனைதான். போடு."

"அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

"அம்மா கத்தும்."

அண்ணி கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டார். முகத்தைத் திருப்பிப் புறங்கையால் துடைத்தார். சுவரோரம் நின்ற என்னை இருவருமே பார்க்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். ஆக்கி வைத்த சோறு மேசையில் இருக்க, பூனையோடு உட்கார்ந்து பிச்சையா கேட்கிறாய் என்று ஓடிப்போய் அவளை இழுத்து வரத் துடித்தேன். இரண்டு அடி வைத்தும்விட்டேன். அப்போது மிளகு என்னைப் பார்த்தாள். மூடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஐந்து வயசுப் பிள்ளை, தன்னை வளர்த்தவளிடம் சோறு கேட்டதற்கு, பெற்றவளைப் பார்த்துப் பயப்படுகிறாள். அவள் பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"எனக்கும் போடுங்க அண்ணி" என்றேன்.

அவர் கரண்டியை எடுக்கவில்லை.

"நீங்க சொன்னது சரி. அது மனசுல இருந்ததுதான். கீழ விழுந்து அடிபட்டா இவ என்னைக் கூப்பிட மாட்டா. அத்தைன்னுதான் அழுவா. அஞ்சு வருஷமா எனக்கு அது பொறுக்கல. நீங்க இல்லாம இவளை வளர்த்திருக்க முடியாது, அதுவும் பொறுக்கல. உங்களை எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சுதான் அடிச்சேன் அண்ணி. கோபத்துல வாய் தவறி வந்ததில்ல."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லபடியாகக்கூட அழத் தெரியாது எனக்கு, மூக்கு ஒழுகும். மிளகு பயந்துபோய் மூடியை என் மடியில் வைத்தாள்.

கஞ்சி கொதித்து விளிம்பில் வழிந்தது. அண்ணி குனிந்து விறகை வெளியே இழுத்தார்.

"இதுல உப்பு இல்ல" என்றார் கடைசியில். "பூனைக்கு உப்பு ஆகாது."

"பரவாயில்ல, போடுங்க."

"உப்பில்லாம குழந்தை எப்படித் திங்கும்? அறிவிருக்கா உனக்கு?"

விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். சமையலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாக்களை நகர்த்துகிற சத்தம், ஏதோ ஒரு மூடி கீழே விழுகிற சத்தம்.

"உப்பை எங்கடி கொண்டுபோய் வச்சே?" என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது.

மிளகுதான் எழுந்து நின்று, அந்தப் பண்ணையே அதிரும்படி கத்தினாள்.

"மேல் தட்டுல அத்தை!"