மதில் இடுக்கில் ஒரு டப்பா

ஜியோகேச்சிங் என்றால் எங்கள் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தைப் போன் ஆப்பில் போடுவார். மற்றவர்கள் தேடி எடுக்க வேண்டும். விளையாடாதவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதனால்தான் உள்ளே ஒரு சின்னப் பொம்மை வைத்த என் டப்பாவைக் கறுப்பு டேப்பால் சுற்றி, காசிமேட்டுப் பக்கம் ஒரு மதில் இடுக்கில் செருகினேன். அது கடற்படை முகாமின் மதில் என்று தெரியும். நல்ல இடுக்கு என்பது மட்டும்தான் புத்தியில் நின்றது.

அடுத்த வாரம் அந்த வழியே போனபோது போலீசார் தெருவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மதில் இடுக்கில் வெடிகுண்டாம். ஓடிப்போய், "சார், அது என்னோடது, வெறும் விளையாட்டு" என்றேன். போனைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார வைத்தார்கள்.

"மிலிட்டரி செவுத்துல இன்னாடா விளையாட்டு? யாரு அனுப்பினது?"

எத்தனை தடவை சொன்னாலும் அதே கேள்வி. அம்மாவுக்குச் சொல்லக்கூட வழியில்லை. வாய்விட்டு அழுதேன்.

அப்போது மதிலோரம் மீன் விற்கிற அக்கா, விரட்டிய போலீசைத் தாண்டி வந்தார்.

"இன்னாத்துக்கு சார் அந்தப் புள்ளைய மெரட்டுறீங்க? அது ஒளிச்சு வச்சத நான் பாத்துகினுதான் இருந்தேன். தொறந்தும் பாத்தேன். உள்ள இருந்த பொம்மைய எம் பொண்ணுக்கு எடுத்துகினேன். சும்மா எடுக்கக் கூடாதுன்னு ஒரு சிப்பி வச்சேன்."

எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். அது எங்கள் விளையாட்டின் விதி. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவரையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். டப்பாவைத் திறந்தபோது உள்ளே சிப்பி இருந்தது. சாயங்காலம் இருவரையும் விட்டார்கள்.

யார் கண்ணில் படக்கூடாதென்று ஒளித்தேனோ, அவர் பார்த்ததால்தான் வீடு திரும்பினேன். வெயிலில் நாறிப்போயிருந்த அவருடைய மீன்கூடையை மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.