ஜோர்டி எழுதிய ஞ

போன கிழமை ஒக்லாந்தில், த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டு வீதிக்குப் புதுத் தார் போட்டார்கள். காலை ஏழு மணிக்கே செம்மஞ்சள் சட்டைக்காரர்கள் வந்து கூம்புகளை அடுக்கி, லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். ஜன்னல்களைச் சாத்தியும் மணம் உள்ளே வந்தது. அடுப்படியில் நின்ற ஞானா வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தாள். "ஜோர்டியின்ர கராஜ் மாதிரி மணக்குது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞானா என் மனைவி. எனக்கு வயது அறுபத்திரண்டு. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறேன். ஜோர்டி செத்துப் பல வருடங்களாகின்றன. ஆனாலும் அந்த ஒரு வசனத்தில் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. செத்த மனிதனில் பொறாமைப்படுவதை வெளியில் சொல்ல முடியுமா? உங்களிடம் என்றபடியால் சொல்கிறேன்.

ஜோர்டி ஓவியர். கத்தலோனியாக்காரர். ஸ்பெயின்காரரா என்று கேட்டால் காது கேளாதவர் போல நிற்பார். எனக்கு அது புரிந்தது. இந்த ஊரில் என்னை இந்தியாக்காரனா என்று கேட்பவர்களுக்கு நானும் அப்படித்தான் நிற்பேன். கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் பிறந்தவர். தகப்பன் வள்ளங்களுக்குத் தார் பூசுகிறவர். சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் தன் மொழியில் ஒரு சொல் எழுதியதற்காக விரல் மொளியில் அடி வாங்கியவர். பாரிஸுக்குப் போய், அங்கே நியூசிலாந்துக்காரியான மார்கரெட்டைக் கல்யாணம் செய்து, கடைசியில் ஹென்டர்சனில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீடொன்றில் வந்து இறங்கினார். தாரும் மணலும் சாம்பலும் கிழிந்த சாக்கும்தான் அவருடைய வர்ணப் பெட்டி. ஒரு படத்திலும் ஒரு மரம், ஒரு மனுசர் இருக்காது. கறுப்பாக ஒரு பரப்பு, அதில் ஆணியால் இழுத்த கோடு, ஒரு மூலையில் கை அகலத்துக்கு வெறும் தாள். அவ்வளவுதான்.

நானும் ஓவியன். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூட நாட்களில் மாவட்டச் சித்திரப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். ஒக்லாந்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த இடமும் படத்தோடு சம்பந்தப்பட்டதுதான்: ஹென்டர்சனில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. முதலாளி ஃபிஜிக்காரர். பூட்டனார் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர். அவருக்கு வரும் தமிழ் 'வா', 'சாப்பிடு', 'சாமி' என்ற மூன்று சொற்கள். அந்த மூன்றை வைத்தே என்னோடு ஒன்பது வருடம் அன்பாக இருந்தார். பகலில் மற்றவர்களின் படங்களுக்குச் சட்டம் அடிப்பேன். வார இறுதியில் என் படங்களைக் கீறுவேன். சூரியன் மறையும், முன்னால் ஒரு பனை நிற்கும். சில படங்களில் இரண்டு பனை. பக்குரங்காவிலிருந்து ஹென்டர்சன் வரைக்கும் எங்கள் ஆட்களின் வரவேற்பறைகளில் என் சூரியன்கள் மறைந்துகொண்டிருந்தன. கல்யாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அவற்றைத்தான் பரிசாகக் கொடுப்பேன். எல்லாரும் என்னை 'ஓவியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

ஞானாவிடம் ஒவ்வொரு படத்தையும் காட்டுவேன். "வடிவாயிருக்கு" என்பாள். பதினெட்டு வருடமாக அந்த ஒரு சொல். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மார்கரெட்டுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்துவந்த ஞானாவைத்தான் அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் காலையில் போவாள். மார்கரெட்டைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு, கராஜுக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுபோய் வைப்பாள். இந்த நாட்டில் அவளுடைய பெயரை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. 'நானா' என்றார்கள், 'கானா' என்றார்கள். ஒருவர் மூன்று வருடமாக 'டயானா' என்று கூப்பிட்டார். ஜோர்டி முதல்நாளே பிழையில்லாமல் "ஞானா" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. காலணியைக் கழற்றாமலே சொன்னாள்.

சில மாதம் கழித்து ஒருநாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே, இன்றைக்கு ஜோர்டியின் படத்தில் ஒரு பிழை சொன்னதாகச் சொன்னாள். நான் பேப்பரைக் கீழே வைத்தேன். வலது பக்கம் கதை கூடிப்போச்சு என்று சொன்னாளாம். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தகட்டுக் கரண்டியை எடுத்து வலது பக்கத்தை முழுக்க வழித்துவிட்டாராம். பிறகு "இப்ப?" என்று கேட்டாராம். ஞானா, இப்போது சரி என்றாளாம்.

அதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் அவளிடம் காட்டாமல் அவர் முடிப்பதில்லை. ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் அடுப்படியில் அந்தக் கதைதான். தலைகீழாக வைத்துப் பார்த்தோம், மணலைக் குறைத்தோம், சாக்கைக் கழற்றினோம். 'ஓம்' என்ற அந்த விகுதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜோர்டிக்கு அப்போது எழுபத்தைந்து வயது, தொப்பியை எடுத்தால் மொட்டைத் தலை. என்ன பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். அவர் அவளுடைய கையைப் பிடித்திருந்தால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். பதினெட்டு வருடம் எனக்கு ஒரு சொல்லைத் தந்தவள், அவருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அந்தக் கிழவர் என் வீட்டுக்குள் இருந்த, எனக்குத் தெரியாத ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு என்ன சண்டை போடுவது?

நான் செய்ததைக் கேளுங்கள். இரும்புச் சாமான் கடையில் கூரைக்குப் பூசும் தார் ஒரு வாளி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானா கோயிலுக்குப் போன நேரம், பின்வளவில் பலகையை விரித்து நவீன ஓவியம் வரைந்தேன். மணல் கொட்டினேன், ஆணியால் கீறினேன். புல்லில் தார் ஊற்றுப்பட்டு, வாடகை வீடு என்பதால் அந்த இடத்தில் ஒரு ரோசாச் சாடியைத் தூக்கி வைத்து மறைக்க வேண்டியதாயிற்று. அவள் வந்ததும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். என் படம் ஒன்றை அவ்வளவு நேரம் அவள் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"உங்களுக்கு ஜோர்டியில கோவம்" என்றாள். "அது மட்டும்தான் இதில தெரியுது."

பலகையைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

அடுத்த மாதம் ஜோர்டி எங்கள் கடைக்கு ஒரு படம் கொண்டுவந்தார். நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் கண்காட்சி, அதற்குச் சட்டம் போட வேண்டும். தடித்த தாளில் செய்த பெரிய படம். மேலே முழுக்கத் தார்க் கறுப்பு, கீழே போகப்போக வெளிறி, அடியோரத்தில் வெறும் தாள். அந்த வெறும் தாளில், வலது மூலையில், சிவப்பில் ஒரு எழுத்து: ஞ. குழந்தை எழுதியது போல, சுழியெல்லாம் கொஞ்சம் பெருத்து, ஆனால் பிழையில்லாமல்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். ஞானாவின் முதலெழுத்து. ஊர் முழுக்கப் பார்க்கப் போகிறது. நான் கீறிய அத்தனை சூரியன்களில் ஒன்றின் மூலையிலாவது என் மனைவியின் பெயரை எழுத எனக்குத் தோன்றியிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த உறைப்பு என்னைத் திருத்தவில்லை, இன்னும் கெடுத்தது. தாளின் அடியோரம் நேரில்லை, கொஞ்சம் பிசிர் இருந்தது. பிசிரை நேராக்குவது என் தொழில்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீட்டு இரும்பு அடிமட்டத்தை வைத்து, புது அலகு போட்டு, நாலு விரல் அகலத்துக்கு வெட்டினேன். ஒரே இழுப்பு. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். துண்டைக் கசக்கிக் கழிவு அட்டைகளோடு போட்டேன். அடுத்தநாள் அதைக் குப்பை லொறி கொண்டுபோனது, சட்டம் போட்ட படம் கடையிலிருந்து நேரே கலைக்கூடத்துக்குப் போனது.

கண்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கியது. ஞானா காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தாள். நான் தோடம்பழச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு தூண் ஒன்றோடு நின்றேன். சுவரில் அந்தப் படத்தைக் கண்டதும் அவள் நேரே கீழ் மூலையைத்தான் பார்த்தாள். ஜோர்டியும் வந்தார். கண்ணாடியின் அடியோரத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார், மூலையில் நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ரயிலில் வந்தோம். மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அந்த எழுத்து எங்கை?"

பிசிர் இருந்தது, வெட்ட வேண்டி வந்தது என்றேன்.

"அது என்ர பேர் எண்டு நினைச்சியளோ?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அவற்ற நாட்டின்ர பேரில அந்தச் சத்தம் இருக்கு. கத்தலூஞ்யா எண்டுதான் அவையள் சொல்லுறது. அதாலதான் என்ர பேர் அவருக்கு வாயில வந்தது. அவையள் அதை ரெண்டு எழுத்துச் சேர்த்துத்தான் எழுத வேணுமாம். எங்களிட்டை அதுக்குத் தனி எழுத்து இருக்கெண்டு சொன்னன். எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டவர். ஒரு கிழமையா எழுதிப் பழகினவர். பள்ளிக்கூடத்தில அடி வாங்கின சொல்லும் அதுதானாம்." பிறகு, "நீங்களே போய் அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் யார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் தமிழில் எழுதியிருந்த ஒரு பெயர்ப்பலகையைத் தார் பூசி அழித்தார்கள் என்பதற்காக ஊர்வலம் போய் அடி வாங்கியவன். அந்தத் தழும்பை இங்கே வந்தவர்களுக்கெல்லாம் சட்டையை உயர்த்திக் காட்டியவன். மொழிக்காகப் பட்ட துன்பம் எங்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று நினைத்திருந்தேன். அந்தச் சொத்திலும் ஒருவர் பங்குக்கு வந்து நிற்கிறாரே என்று, ரயிலிலிருந்து இறங்கும்போதும் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. பொறாமைக்கு வெட்கம் கிடையாது.

சனிக்கிழமை காலை அந்தக் கராஜுக்கு முதன்முதலாகப் போனேன். தார் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தவறுதலாக வெட்டியதல்ல, வேண்டுமென்றே வெட்டினேன் என்று சொன்னேன். அவர் சட்டியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. கிண்டி முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கவிழ்த்து வைத்த வாளியொன்றைக் காட்டி இருக்கச் சொன்னார். பிறகு தன் ஊர்ச் சிநேகிதன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, அவனும் ஓவியன். அந்தச் சிநேகிதன் உலகம் முழுக்கப் பேர் எடுத்துவிட்டானாம். பார்சிலோனாவில் எந்தத் தெருவுக்குத் திரும்பினாலும் அவனுடைய சுவரொட்டி. தாங்க முடியாமல்தான் பாரிஸ் போனார். அங்கேயும் அவனுடைய சுவரொட்டி வந்தது. மார்கரெட் நியூசிலாந்து என்று சொன்னபோது, வரைபடத்தில் அதற்கப்பால் நாடு இல்லை என்று பார்த்துவிட்டு ஓம் என்றாராம்.

"அவனும் செத்துப்போனான்" என்றார். "இன்னும் போகவில்லை." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த எழுத்தை அவர் வேறு படத்தில் திரும்ப எழுதவும் இல்லை. மார்கரெட் இறக்கும்வரை ஞானா அங்கே வேலைக்குப் போனாள், பிறகும் இடைக்கிடை சோறு கறி கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். அவர் போன பிறகுதான் பேர் வந்தது. தார்ப் படங்களைத் தேடித் தேடி வாங்கினார்கள், பல்கலைக்கழகத்தில் அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். அவருடைய ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்திருப்பதாகக் கேள்வி.

தார் போட்டதற்கு அடுத்த ஞாயிறு நானே கேட்டு ஞானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நகரத்தின் பெரிய கலைக்கூடத்தில் ஜோர்டிக்கென்றே இரண்டு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படமும் இருந்தது. பக்கத்து அட்டையில், ஓவியர் தாளின் அடிப்பகுதியைத் துணிச்சலாகக் களைந்து கறுப்பின் பாரத்தைக் கூட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பெருமை. ஒரு கலைக்கூடத்தில் என்னுடைய வேலையென்று இருப்பது அது ஒன்றுதான், அதையும் அவர் பேரில் எழுதிவிட்டார்களே என்று அடுத்த நொடி எரிந்தது. ஞானா அட்டையை இரண்டுதரம் வாசித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வரும் வழியில் ஹென்டர்சன் பக்கம் காரைத் திருப்பினேன். கராஜ் இருந்த காணியில் ஒரே மாதிரி ஆறு மாடிவீடுகள் நிற்கின்றன. எங்கள் கடை இருந்த இடத்தில் வேப் சிகரெட் விற்கிறார்கள். முதலாளி மகளோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். இவையெல்லாம் எந்த ஊரிலும் போகிறவைதான்.

போனதென்று நான் சொல்ல வந்தது வேறு. அந்த ரயில் பயணத்துக்குப் பிறகு ஞானா என்னிடம் ஒரு படத்தைப் பற்றியும் கதைத்ததில்லை. கோபித்துக்கொண்டு இருக்கவில்லை. பிள்ளைகள், சாமான் விலை, கோயில் திருவிழா என்று எல்லாம் கதைப்போம், சிரிப்போம். என் சூரியன்களைக் காட்டினால் "வடிவாயிருக்கு" என்று அப்போதும் சொன்னாள், நான் கீறுவதை நிறுத்தும்வரை சொன்னாள். அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு கோட்டை ஏன் எடுக்க வேண்டும், ஒரு மூலையை ஏன் சும்மா விட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்ன பெண்ணை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

அன்றைக்குக் கலைக்கூடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நெடுநேரம் நின்றாள். தலையைச் சரித்தாள், கிட்டப் போனாள், பின்னுக்கு வந்தாள். ஒரு இடத்தில் உதடு அசைந்தது. நான் பக்கத்தில் போய் நின்று, "என்ன, சொல்லுமன்" என்றேன்.

"ஒண்டுமில்லை" என்றாள். "பார்க்கிங் முடியப்போகுது, போவம்."