துபாய் பல்பும் சுடலைமுத்துவின் வேலையும்

1. முட்டிய வண்டி

மீரான் பாயின் அம்பாசடரை லாரியில் கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில் விட்டார்கள். டிக்கி உள்ளே போயிருந்தது. இடது டெயில் லைட் இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது. பின் சீட்டில் இருந்த பாயின் உம்மாவுக்குக் கை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தார்கள். வண்டியை ஓட்டியவர் சுடலைமுத்து. பாயிடம் பதினோரு வருஷமாக டிரைவர்.

என் பேர் ஆறுமுகம். வண்ணார்பேட்டையில் முப்பது வருஷம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இன்றைக்குக் காரின் வெளி விளக்குக்கெல்லாம் எல்இடி மாட்டுகிற தம்பிகள் என்னிடம் நுணுக்கம் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அந்த நுணுக்கத்தை நான் படித்த விதம் வெட்கக்கேடு. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

2. துபாய் பல்பு

தொண்ணூறுகளின் கடைசி. எல்இடி என்றால் டேப் ரெக்கார்டரில் மினுக்குகிற சிவப்புப் புள்ளி என்றுதான் எங்களுக்குத் தெரியும். மீரான் பாய் மேலப்பாளையத்தில் வாடகைக் கார் வைத்திருந்தார். அவருடைய மச்சான் துபாயிலிருந்து வந்தபோது இரண்டு ஜோடி பல்பு கொண்டு வந்தார். அடிப்பாகம் நம் டெயில் லைட் பல்பு மாதிரியேதான். மேலே கண்ணாடிக் குமிழுக்குப் பதில் சின்னச் சின்னச் சிவப்பு முத்துகள்.

“ஆயுசுக்கும் ஃபியூஸ் போகாதாம் ஆறுமுகம். மாட்டிப் பாரும்” என்றார் பாய்.

முதலில் இன்டிகேட்டரில் மாட்டினேன். பிளாஷர் அடிக்கவில்லை, விளக்கு விட்டு விட்டு எரியவில்லை. எல்இடி கரண்ட் குறைவாக எடுக்கிறது, லோடு பத்தவில்லை என்று உடனே புரிந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்தேனே என்று எனக்கு ஒரே பெருமை. இன்டிகேட்டருக்குப் பழைய பல்பையே போட்டுவிட்டு, பிரேக் லைட்டுக்கு மட்டும் துபாய் பல்பை மாட்டினேன். பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் கட்டையை முட்டுக் கொடுத்தேன். பின்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கண் கூசியது. மீதி ஜோடியை ஒரு வாத்தியாரின் பியட்டுக்குப் போட்டேன்.

பத்து நாள் கழித்து சுடலைமுத்து வந்தார்.

“அண்ணாச்சி, இந்த பல்பு போட்டதுலேர்ந்து பின்னால வாரவன் பூரா ஏசிட்டுப் போறான். பிரேக் லைட் எரியலைங்கான்.”

மறுபடியும் கட்டையை முட்டுக் கொடுத்து, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“கண்ணால பாரும்வே. எரியுதா, இல்லியா?”

“எரியத்தான் செய்யுது.”

“பொறவு என்ன? ஏசுதவன கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லும்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைமுத்துவும் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார்.

3. நான் சொன்ன பொய்

அடுத்த வாரம் செய்துங்கநல்லூர் தாண்டி, நல்ல மத்தியானத்தில், அறுப்பு முடிந்த வயலுக்குப் போகிற வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்திருக்கிறது. சுடலைமுத்து பிரேக் போட்டார். பின்னால் வந்த ஜல்லி லாரி முட்டிவிட்டது.

பாய் பட்டறைக்கு வந்தார். சுடலைமுத்து நெற்றியில் பிளாஸ்திரியோடு அவர் பின்னால் நின்றார்.

“ஆறுமுகம், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். லாரிக்காரன் லைட்டே எரியலைங்கான். இவன்ட்ட கேட்டா, ‘அது தெரிஞ்சுதான் போன வாரமே அண்ணாச்சிகிட்ட போய்ச் சொன்னேன்’ங்கான். வந்தானா?”

சுற்றி நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். வந்தார் என்று சொன்னால், வந்தவரைக் கேலி பண்ணி அனுப்பியதையும் சொல்ல வேண்டும்.

“வரலியே பாய்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்ன வாய் சும்மா இருக்குமா? “ஒயர் லூசா கெடந்திருக்கும். வந்து சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடுக்கியிருப்பேன்” என்று சேர்த்தேன்.

சுடலைமுத்து, “அண்ணாச்சி...” என்றார்.

“லைட் எரியலன்னு தெரிஞ்சும் எங்க உம்மாவ ஏத்திட்டுப் போயிருக்க. சாவியக் குடு” என்றார் பாய்.

4. லாரி சீட்டிலிருந்து

ஒரு மாதம் ஆனது. ஒரு லாரிக்கு ஹாரன் ஒயரிங் பார்க்க கேபினில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில். வாத்தியாரின் பியட் வந்து எனக்கு முன்னால் நின்றது. வந்ததுதான் வந்தார், லைட்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

“சார், பிரேக்க அமுக்குங்க.”

“அமுக்கிட்டுத்தானப்பா இருக்கேன்.”

எனக்குத் தெரிந்தது வெறும் சிவப்புக் கண்ணாடி. கீழே இறங்கி நின்று பார்த்தேன், மங்கலாக ஏதோ தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், பளிச்சென்று எரிந்தது. மறுபடி லாரியில் ஏறினேன், ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். பழைய பல்பின் வெளிச்சம் நாலு பக்கமும் போகும். ரிஃப்ளெக்டர் அதை வாங்கி கண்ணாடி பூராவும் பரப்பும். அந்தக் காலத்து எல்இடி நேர்கோட்டில் மட்டும்தான் அடிக்கும். லாரிக்காரன் கண் இருக்கிற உயரத்துக்கு அது போகாது, வெயிலில் சுத்தமாகத் தெரியாது. வெளி விளக்கு எதை மாட்டினாலும் வெயிலில் நிறுத்தி, உயரமான வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். இவ்வளவுதான் நுணுக்கம்.

வாத்தியாரிடம், “இது நம்மூர் சூட்டுக்குத் தாங்காது சார்” என்று இன்னொரு பொய் சொல்லிப் பழைய பல்பை மாட்டினேன். மேலப்பாளையம் ரெண்டு மைல்கூட இருக்காது. நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். சுடலைமுத்துவுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை, ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றுகிறார் என்று காதில் விழுந்தது. அதன் பிறகும் போகவில்லை. எனக்குப் பயம். மனுஷப் பிறவிதானா நான் என்று இப்போது எழுதும்போதும் தோன்றுகிறது.

5. உம்மா சொன்னது

முட்டியதில் துபாய் பல்பு நொறுங்கி, பழைய பல்பே மாட்டியிருந்த தன் வண்டியைப் பாய் என்னிடமே கொண்டு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பின் சீட்டில் உம்மா இருந்தார். கை சரியாகியிருந்தது, முழுக்க நீட்ட மட்டும் வரவில்லை.

“அந்தச் சுடலை சோறு தின்ன வீட்டுக்கே துரோகம் பண்ணிட்டான். நீ நல்ல பிள்ளைப்பா, உள்ளதச் சொன்ன” என்றார்.

அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அங்கேயே, கையில் ஸ்பேனரோடு, எல்லாவற்றையும் சொன்னேன்.

“பல்பு தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, என் மச்சான ரெண்டு ஏசு ஏசிட்டு விட்டிருப்பேனே வே. போய் அவனக் கூட்டிட்டு வாரும்” என்றார் பாய்.

ஸ்ரீவைகுண்டம் போனேன். சுடலைமுத்து லாரியில் தார் அடுக்கிக்கொண்டிருந்தார். தோளெல்லாம் வாழைக்கறை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“நான் வரலன்னு நீங்க சொன்னதுக்குப் பொறவு எனக்கே சந்தேகம் வந்துட்டு அண்ணாச்சி. நாம போகவே இல்லியோ, போனதா நெனச்சுக்கிட்டோமோன்னு. வேலை கெடக்கட்டும். வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

அவர் மனைவி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். “இவரு என் கடைக்கு வந்து சொன்னாரு, தாயி. நான்தான் வரலன்னு பொய் சொன்னேன்” என்றேன். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் தேவலை என்றிருந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

“நானும் நம்பலியே உங்கள” என்று சொல்லி அழுதார்.