சீர் கொண்டுபோன ஏணி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், அதற்கு ஒரு மாதம் முன்பு கடல் பக்கமிருந்து அடித்த காற்றில், காஜா பெராங்கில் என் பக்கத்து வீட்டுக் கூரைமேல் தென்னை மரம் சாய்ந்தது. கூடத்துக்கு மேலே பன்னிரண்டு அடி நீளத்துக்கு வானம் தெரிந்தது. அளந்த பிறகுதான் டைரியில் எழுதினேன்.

அது, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட இந்துச் செட்டிக் குடும்பத்து விதவையின் வீடு. மகளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். அவர்கள் குடும்ப வழக்கப்படி பெண் வீட்டுக் கூடத்தில்தான் தாலி கட்ட வேண்டும். கூரை இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். தகப்பன் இறந்தபோது ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம் அது.

ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் போதகர், உடைந்த உலகத்தைக் கடவுள் சீர்ப்படுத்துகிறார், அதற்குச் சபையின் கைகளைக் கேட்கிறார் என்றார். ஆராதனை முடிந்ததும் அந்தக் கூரையைப் பற்றிச் சொன்னேன்.

"என் பங்கைப் பேசி முடித்துவிட்டேன். மீதிக்கு ஏணி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

அந்த விதவையிடம் தகவல் சொல்வது என் பொறுப்பு. அவர்கள் பேச்சு மலாய். தமிழில் சடங்குச் சொற்கள் மட்டும் தெரியும். பழுதுபார்ப்பதை 'பைக்கி' என்று மலாயில் சொல்லியிருக்கலாம். அது சைக்கிள் கடைச் சொல்லாகப் பட்டதால், போதகரின் சொல்லையே எடுத்து, சனிக்கிழமை எட்டு மணிக்குச் சபையார் சீர் செய்ய வருவார்கள் என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூரைக்காக என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஏணி, ரம்பம், தகரத்தோடு போதகரையும் சேர்த்து ஆறு பேர் போனோம். வாசலில் அவளும் மகளும் நல்ல கெபாயா உடுத்தி, பன்னீரும் குங்குமமுமாக நின்றார்கள். பின்னால் உறவினர் கூட்டம்.

அவள் எங்கள் கைகளைப் பார்த்தாள். "அபாங், சீர் எங்கே?" என்று அண்ணன் முறை சொல்லி என்னிடம் கேட்டாள்.

நான் ஏணியைக் காட்டினேன்.

"இந்த நீளத்துக்குத் தாம்பாளம் இல்லையே," என்றாள் கூட்டத்தில் ஓர் அத்தை.

முதலில் புரிந்துகொண்டது போதகர்தான். சிரித்துச் சிரித்து ஆணிப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு மெதுவாக, "வேலை முடிந்தால் நாங்கள் சர்ச்சுக்கு வர வேண்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நாங்கள் கல்யாணத்துக்கு வரலாமா, அதைச் சொல்லுங்கள்," என்றார் போதகர்.

அடுத்த சனிக்கிழமை மாலை நாலேகாலுக்குக் கடைசி ஆணி அடித்தோம்.

கல்யாணத்தன்று சபைப் பெண்கள் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கிய புடவை, ஆரஞ்சு, வெற்றிலை என்று ஒன்பது தட்டு எடுத்துப் போனார்கள். கடைசியில் நானும் போதகரும் மாலை போட்ட ஏணியோடு. அத்தை அதற்கும் பன்னீர் தெளித்தாள்.

சடங்கின் நடுவில் நல்ல மழை. பழக்கத்தில் பெண்ணின் அம்மா கூடத்தில் ஒரு வாளி வைத்திருந்தாள். தாலி கட்டியதும் போய்ப் பார்த்தேன். உள்ளே இரண்டு ஆரஞ்சுத் தோல்கள் கிடந்தன. தண்ணீர் இல்லை.