கூரை வைத்த கதிரை

பிலிமத்தலாவையில் எங்கள் வாப்பாவைப் போல் கதிரை செய்ய ஆள் இருக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை.

அவருக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்தது ஒரு பீங்கான் பெட்டியால். கண்டியில் கோப்பை வாங்கிய பெட்டியில் அந்த நாட்டுக் கோபுரம் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. கூரைக்கு மேல் கூரையாக மூன்று அடுக்கு, மூலையெல்லாம் மேலே வளைந்திருக்கும். ஆணியே அடிக்காமல் கட்டுவார்கள் என்று கடைக்காரர் வேறு சொல்லிவிட்டார். வாப்பா வரைந்தார், அழித்தார், மறுபடியும் வரைந்தார். கடைசியில் தேக்கிலே ஒரு கதிரை செய்தார். அதன் முதுகு அந்தக் கோபுரமேதான். ஓர் ஆணி கிடையாது.

“கதிரைக்கு என்னத்துக்குக் கூரை? வீட்டுக்குள்ள மழையா பெய்யுது?” என்றார் உம்மா.

“மாப்பிள்ளைட வாப்பா வந்து இரிக்கட்டும், பாருங்கொ.”

ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, கம்பளையில் சம்பந்தம் பேசியிருந்தது. மாப்பிள்ளை முன்பு ஒருமுறை அலுமாரி பார்க்க வந்தபோது ராத்தா ஜன்னலை விட்டு நகரவேயில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா நீளக் கறுப்புக் கோட்டும் துருக்கித் தொப்பியுமாய் வந்தார். பெண்கள் நாங்கள் திரைக்குள்ளே. கதிரையைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. கூரை குத்தியதால் மனிதர் நிமிர்ந்தே இருந்தார். பார்க்க மரியாதையாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண்வீட்டில் இருப்பதுதான் எங்கள் வழக்கம் என்றார் வாப்பா. மகனை விட்டுத்தர ஏலாது என்றார் அவர். பேச்சுத் தடித்தது.

“இது சரிவராது. நாங்க போறோம்!” என்று எழும்பினார்.

கதிரையும் எழும்பியது.

கோட்டின் பின்னால் இடுப்பில் தைத்திருந்த பட்டி கூரை மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பினால் கதிரையும் திரும்பியது. கூட வந்தவர்கள் இழுத்தார்கள். தொப்பி விழுந்ததுதான் மிச்சம்.

“ஓய், இது கதிரையா, எலிப்பொறியா?”

வாப்பாவுக்கு வாயெல்லாம் பல். “பார்த்தீங்களா, இவ்வளவு இழுத்தும் ஒரு மூட்டு அசையல்ல!”

கூரையை அறுக்க வாப்பா விடவில்லை. பெண்வீட்டில் கோட்டைக் கழற்றி நிற்க அவர் சம்மதிக்கவில்லை. இதற்குள் உம்மா சோற்றை அனுப்பிவிட்டார். முன்னால் வைத்த சோற்றை விட்டு எங்கள் ஆட்கள் எழும்பமாட்டார்கள். அவருக்கு எழும்பவும் முடியாதே. சாப்பிட்டார். வட்டிலப்பம் வந்தபோது, மகன் வெள்ளிக்கு வெள்ளி கம்பளைக்கு வந்து போனால் போதும் என்ற இடத்துக்கு இறங்கியிருந்தார். சம்பந்தி ஆனபின் என்ன கூச்சம்? கோட்டையும் கழற்றினார்.

நான் திரைக்குள் ராத்தாவின் பக்கத்தில்தான் இருந்தேன். பேச்சுத் தடித்த நேரம் அவளுடைய கை மெல்லத் திரைக்கு வெளியே போனது. கோட்டில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன். ராத்தா சுத்தக்காரி.

மரத்தூள் தட்ட அவ்வளவு நேரம் எடுக்காது என்பது, நானே ஒரு திரைக்குள் நின்று எட்டிப் பார்த்த வயதில்தான் எனக்கு விளங்கியது.