ஒரே ஒரு சிவப்பு

ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலை இன்னதென்று எங்கள் குடியிருப்பில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. "திருடன புடிக்கிற வேலையாம்மே?" என்று கேட்பார்கள். திருடன் ஒருவனையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நான் பார்ப்பதெல்லாம் பேட்டரியை.

கடை, குடோன், அடகுக்கடை என்று எங்கெல்லாமோ சுவரில் அலாரம் பெட்டி மாட்டியிருப்பார்கள். அது கரண்டில் ஓடும். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும். அந்த பேட்டரி செங்கல்லை விடச் சின்னது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் உண்டு. என்ன நடந்தாலும் அது எங்கள் அறைக்குச் சேதி அனுப்பிவிடும். உள்ளே ஆள் நடமாடினால் பெட்டியில் கண் போன்ற ஒரு சின்ன விளக்கு எரியும், எங்கள் திரையில் அந்த இடத்தின் பெயர் சிவப்பாகும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் மஞ்சள். பேட்டரியும் செத்துவிட்டால் சாம்பல். மஞ்சள் வந்ததும் சாவி வைத்திருப்பவருக்குப் போன் போட்டு, "கரண்ட் இல்லீங்க, பேட்டரில ஓடுது, பாத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும். அவர் என்னத்தைப் பார்த்துக்கொள்வார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை.

மஞ்சள் வந்தால் பாதி நேரம் அங்கே கரண்ட் இருக்கும். எவனோ பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் சார்ஜ் போட்டிருப்பான். ஆயுத பூஜை வந்தால் அந்த ப்ளக்கில்தான் சீரியல் லைட் எரியும். சிவப்பு என்றால் பூனை, இல்லாவிட்டால் பெருச்சாளி. ஒரு பூனை குறுக்கே போனதற்குச் சாவிக்காரர், காவல் நிலையம், மேனேஜர் என்று நான் வரிசையாகப் போன் போட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த எரிச்சலை எல்லாம் வியாசர்பாடிக்குச் சுமந்து வந்து என் வீட்டுக்காரர் தலையில் கொட்டுவேன். "செவப்பு வந்தாலே எனுக்கு உசுரு போவுதுய்யா" என்று நான் புலம்பாத நாள் கிடையாது. அவர் டிவியைப் பார்த்தபடி உம் கொட்டுவார். காதில் வாங்குகிறாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அவர் துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலையில் இருந்தவர். தோள்பட்டை போனதும் வேலையும் போனது. வீட்டில் சும்மா இருந்து இருந்து அவருக்கும் எனக்கும் தினம் சண்டை. எண்ணூரில் பருப்பு குடோன் வைத்திருந்த பாய் ஒருவர், வண்ணாரப்பேட்டைக்காரர், மஞ்சள் சிவப்பு என்று நான் அடிக்கடி போன் போட்டதிலேயே பழக்கமாகியிருந்தார். ஒருநாள் அவராகவே, நம்பிக்கையான வாட்ச்மேன் யாராவது இருந்தால் சொல்லும்மா என்றார். என் புருஷனே இருக்கிறார் என்றேன். அப்படித்தான் என் திரையில் தெரியும் ஒரு பெயருக்குள் அவர் போய் உட்கார்ந்தார்.

அந்த டிசம்பர் மழையில் அவர் இரவு ட்யூட்டிக்குப் போயிருந்தார். காலையில் நான் முழங்கால் தண்ணீரில் நடந்து ராயபுரம் வந்து சேர்ந்தபோது திரை முழுக்க மஞ்சள். காசிமேட்டில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அறைக்கு வந்து சேர முடிந்தது நானும் பக்கத்து சீட்டுத் தண்டையார்பேட்டைக்காரியும் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது.

"தண்ணி ஏறிகினே கீதுடி. கேபின் முழுவிடும் போல. பாய் குடுத்த சாவி கீது, உள்ள போயி மூட்ட மேல ஏறிக்கிறேன். நீ ஒண்ணியும் பயந்துக்காத."

சரி என்று நான் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். தண்ணீரில் விழுந்ததோ, சார்ஜ் தீர்ந்ததோ தெரியவில்லை.

சற்று நேரத்தில் அந்தக் குடோனின் பெயர் சிவப்பானது. அத்தனை வருஷத்தில் ஒரு சிவப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான். உள்ளே போய்விட்டார். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை சிவப்பு வந்தது. மூட்டை மூட்டையாக ஏறுகிறார் என்று எனக்குக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். அவர் வீட்டிலும் கீழ்த்தளம் முழுகி எல்லோரும் மாடியில் இருந்தார்கள்.

"சரக்கு போனா போவுதும்மா. ஆளு பத்திரமா இருந்தா போதும்" என்றார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாததை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "மூட்ட அடுக்கி வெச்சதுல நடு அட்டில ஒக்காந்தா பரவால்ல. ஓரத்துல வேணாம். அடி மூட்ட ஊறிச்சின்னா அட்டி சாஞ்சிரும்."

காய்ந்த பருப்பு தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? ஒரு டம்ளர் ஊற வைத்தால் கிண்ணம் நிறைந்து வழியும். அது மூட்டையாக, அதன் மேல் மூட்டையாக, கூரை உயரத்துக்கு. அதன் உச்சியில் தோள் போன ஒரு மனுஷன். இதை அவரிடம் போய் யார் சொல்வது?

காவல் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். மறுமுனையில் பேசியவர் இடத்தைக் குறித்துக்கொண்டார், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார், படகு எல்லாம் வெளியே போயிருக்கிறது, திரும்பியதும் சொல்கிறேன் என்றார். தீயணைப்பிலும் அதையேதான் சொன்னார்கள். மறுபடி அடித்தபோது முதலில் பேசியவரே எடுத்து, "நியாபகம் கீதும்மா, மறக்கல" என்றார். ரயில் நின்றுவிட்டது. திருவொற்றியூர் தாண்டி சாலையே இல்லை என்றார்கள். நான் கிளம்பிப் போனாலும் எனக்கு நீச்சல் தெரியாது. அன்று என்னிடம் பேசிய எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். ஒருவராவது எரிந்து விழுந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அப்புறம் சிவப்பு வரவில்லை.

முதலில், உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு, தூங்கியிருப்பார் என்று. ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஆள்தானே. ஆனால் உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டானா, காலை நீட்ட மாட்டானா? பூனைக்கும் பெருச்சாளிக்கும் கூவுகிற கருவி அது. எத்தனை முறை அதைச் சபித்திருப்பேன். அன்று அதே கருவி, குடோனுக்குள் எதுவும் அசையவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

திரையில் பேட்டரியின் மிச்சத்தைக் காட்டும் எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. கரண்ட் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. போதாததற்கு ஒவ்வொரு சிவப்புக்கும் குடோனில் சைரன் அலறும். பேட்டரியைக் குடிப்பதே அந்தச் சைரன்தான். தண்டையார்பேட்டைக்காரி என் தோளைத் தொட்டு, இங்கிருந்தே அலாரத்தை நிறுத்திவிடலாமே என்றாள். நிறுத்தினால் இனி சைரன் அடிக்காது, மிச்சமிருக்கும் பேட்டரி நாளை வரைக்கும் தாங்கும். அவள் சொன்னது சரிதான், நாங்கள் எல்லோருக்கும் செய்து கொடுப்பதுதான். ஆனால் நிறுத்திவிட்டால் அவர் அசைந்தாலும் எனக்குத் தெரியாது. பெட்டி உயிரோடு இருக்கும், அதனால் எனக்கு என்ன? சைரன் சத்தம் கேட்டுக் குப்பத்து ஆட்கள் யாராவது படகைத் திருப்ப மாட்டார்களா என்றும் ஒரு ஆசை. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளும் வற்புறுத்தவில்லை. எனக்கு வந்த போன்களையும் சேர்த்து அவளே எடுத்தாள். "பேட்டரில ஓடுது, பாத்துக்கங்க" என்று அவள் யாரிடமோ சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நான் சாமியிடம் கேட்டது ஒன்றுதான். வெள்ளம் வடியட்டும் என்று கேட்கவில்லை. படகு வரட்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு சிவப்பு. ஒரு தரம் எழுந்து நில்லுய்யா, திரும்பிப் படுய்யா என்று திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்தவள் போல அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து அழுத்திக்கூடப் பார்த்தேன்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பெயர் சாம்பலானது. பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் ஆகும். தண்ணீர் பெட்டி வரைக்கும் ஏறினாலும் அப்படித்தான் ஆகும். இரண்டுக்கும் ஒரே நிறம்தான். அது எதனால் என்று பிரித்துச் சொல்ல அந்தத் திரைக்குத் தெரியாது. அன்று ராத்திரியைப் பற்றி எனக்கு எழுத வராது.

மறுநாள் மழை விட்டிருந்தது. வெயில்கூட அடித்தது என்று நினைக்கிறேன். மாடிப்படியில் புளித்த பருப்பு நாற்றம் வந்தது. திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். லுங்கியெல்லாம் மஞ்சளாக, முழங்காலில் பருப்புத் தோல் ஒட்டிக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி. காலையில் அந்தப் பக்கம் வந்த பைபர் படகுக்காரர்கள் ஷட்டரைத் தட்டிப் பார்த்து, இவரை மூட்டை மேலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார்களாம். நடு ராத்திரியில் அட்டியில் ஒரு பக்கம் சரிந்ததாம், இவர் இருந்த பக்கம் சரியவில்லையாம். ரோடு தெரிந்த இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

காலுக்கு என்ன என்று கேட்டேன். எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. ஒன்றுமில்லை, ஒரே மாதிரி மடக்கி உட்கார்ந்ததில் மரத்துப்போனது இன்னும் விடவில்லை என்றார். ஏன் அப்படி உட்கார வேண்டும் என்றேன். அவர் தண்டையார்பேட்டைக்காரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டு வந்தவர் போல முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

"நா நவுந்தா உனுக்கு செவப்பு அடிக்கும்ல? அத்த பாத்தா உசுரு போவுதுன்னு தெனம் சொல்லுவியே. அதான் ஆடாம அசையாம கம்முனு குந்திகினு இருந்தேன். மேல ஏறி குந்தினப்பறம் அந்த மிசினு கண்ணு ஒரு வாட்டி கூட எரியல, தெரியுமா?"

காதில் வாங்கியிருக்கிறார். நான் புலம்பிய ஒவ்வொரு வார்த்தையையும் அந்த மனுஷன் காதில் வாங்கியிருக்கிறார்.

அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். கெட்டுப்போன தோள் அதுதான் என்பது அடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுபடியும் அடித்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு வாட்டி ஆடியிருக்கக் கூடாதாய்யா நீ?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் வந்துட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டு, நான் அடிப்பதற்கு வாகாக, அசையாமல் நின்றார்.