கதிரை திரும்பிய முடக்கு

“மக்கள் பங்கேற்புடன் குடியிருப்பு மேம்பாடு” என்று மாநகர சபைக் கோப்பின் மேல் எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். பங்கேற்பு எப்படி நடந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

கண்டி நகரத்தின் பின்புறச் சரிவில், ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு வாசலை முட்டும் குடியிருப்பு அது. நகரத்தைக் கூட்டுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். நோயாளியைக் கதிரையில் உட்காரவைத்து, நாலு பேர் படிக்கட்டில் தூக்கித்தான் மேலே தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு முடக்கு. அங்கே கதிரை திரும்பாது. மூச்சு வாங்குகிறவனை இறக்கி, சுவரோடு நிற்கவைத்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் வண்ணத் தாள்களைக் கொடுத்து, கனவுகளை எழுதச் சொன்னார். எல்லாத் தாளிலும் அந்த முடக்கே இருந்தது. வரைபடத்தில் வந்தவை பூச்செடிகளும், உட்கார்ந்து இளைப்பாற ஒரு வாங்கும். அகலம் போதாததால் அந்த முடக்கு சட்டப்படி வழியே அல்ல, வழியல்லாததைத் திருத்த முடியாது என்று குறிப்பு எழுதியவனும் நான்தான்.

அந்தக் கூட்டத்துக்கு வந்ததற்காக நாங்கள் வாங்கிய கையெழுத்தை, குடியிருப்புக்காரர்கள் முடக்கைத் திருத்த அனுமதி என்று நினைத்துவிட்டார்கள். முடக்கு வீட்டுக்காரியின் கணவனுக்கு நெஞ்சு நோய். அவள் தான் சமைக்கும் குசினியின் சுவரையே கொடுத்தாள். குடியிருப்பிலேயே பருத்த மனிதரைக் கதிரையில் தூக்கிவந்து, முழங்கை இடித்த இடத்தில் கரிக்கோடு போட்டார்கள். கோடு வரை உடைத்து, வளைத்துக் கட்டினார்கள். நாங்கள் வரைந்த எந்த வளைவும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

சுவரைப் பழையபடி கட்டாவிட்டால் வீடே இடிக்கப்படும் என்ற அறிவித்தலோடு எங்கள் சபைப் பொறியியலாளரும் நானும் போனோம்.

“உக்காருங்க சார்” என்று வீட்டுக்காரி கதிரையைப் போட்டாள். தேநீர் வரும் என்று பொறியியலாளர் உட்கார்ந்தார். நாலு பேர் தூக்கிவிட்டார்கள்.

“டேய், எறக்குங்கடா!”

“பயப்படாதீங்க சார், ஒங்கள விட கனத்த மாமாவையே தூக்கிருக்கோம்.”

முடக்கில் கதிரை உரசாமல் திரும்பியது.

“இப்ப சொல்லுங்க சார், செவத்த பழையபடி கட்டவா? கட்டுனா ஒங்களயும் இங்கனதான் எறக்கி நிக்க வைக்கணும்” என்றாள்.

இறங்கியதும் அவர் அன்றைக்கே அறிக்கை கேட்டார். வழியென்றே ஒப்புக்கொள்ளாத இடத்துக்கு அலுவலகத்தில் அளவுப்படம் ஏது? “சுவரின் முன்னைய நிலையை நிர்ணயிக்க இயலவில்லை” என்று எழுதினேன். பழையது எதுவென்று தெரியாமல் பழையபடி கட்டச் சொல்ல முடியாது. கோப்பு அதோடு நின்றது, வீடும் நின்றது. என் உத்தியோகத்தில் உருப்படியான ஒரே வரி அதுதான்.

பிறகு சபையார் வரைபடத்தில் இருந்த திட்டத்தையும் நிறைவேற்றினார்கள். படிக்கட்டின் உச்சியில் சீமெந்து வாங்கு வந்தது. இப்போது கதிரை முட்டுவது அதில்தான்.